போர்டைக் கழற்றாமல் பாருங்கள்

உட்காருங்கள் தம்பி. அந்த வெள்ளை வண்டி உங்களுடையதுதானே? அப்படியானால் எனக்கு அடுத்தது நீங்கள். என்னுடையது அதோ நிற்கிறது, கறுப்பு அம்பாசிடர். முன்னால் சிவப்புப் போர்டு. இங்கிருந்தே படிக்கலாம். படிக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினார்கள். ‘ப. திருமேனி, தலைவர், பஞ்சாலைத் தொழிலாளர் உரிமைச் சங்கம்.’ திருமேனி நான்தான்.

கழுகுமலைப் பக்கத்திலிருந்து வருகிறேன். ஏசி பார்க்க மதுரை வரைக்குமா என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்தில் என்னைத் தெரியாதவன் கிடையாது. எனக்கு என்னைத் தெரியாத மெக்கானிக் ஒருவன் வேண்டியிருந்தது. எவன் பேச்சையும் கேட்காமல், வண்டியை மட்டும் பார்த்து, உண்மையைச் சொல்கிறவன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒளித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் மனைவி பேச்சியம்மாள் போன கோடையில் இறந்துபோனாள். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் இரண்டு முறை திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவாள். இந்த வண்டியில்தான். இந்த வண்டியின் ஏசி சரியாகக் குளிராது. அதற்குக் காரணம் அந்தப் போர்டுதான் என்று மெக்கானிக் ஒருவன் சொன்னான். அந்தப் போர்டுதான் அவளைக் கொன்றது என்கிற மாதிரி என் மகன் மயானத்தில் வைத்து ஒரு வார்த்தை சொன்னான். நாலு பேர் முன்னால் சொன்னான். அதற்கு நாலு பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டும் எனக்கு. அதற்காகத்தான் வந்திருக்கிறேன். போர்டு காரணமில்லை என்று இந்த மதுரைக்காரன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும்.

நான் பேசுவது மேடைத் தமிழாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவன். நான் தமிழ் படித்ததே துண்டறிக்கையில்தான். டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த துண்டறிக்கையைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பேன். அப்புறம் நானே எழுத ஆரம்பித்தேன். என் துண்டறிக்கை வாசலுக்கு வந்தால் மானேஜர் பின்வாசல் வழியாகப் போவான்.

போர்டு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். போனஸ் போராட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்ததும் தொழிலாளிகள் சேர்ந்து எனக்கு இந்த வண்டியை வாங்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கே ஏசி வைத்த வண்டி. தலைவர் வேர்த்து வடிந்து போய்ப் பேச்சுவார்த்தையில் உட்காரக் கூடாது என்றார்கள். போர்டை மில் ஒர்க்‌ஷாப்பிலேயே, மில் தகட்டிலேயே, முதலாளிக்குத் தெரியாமல் வெட்டினார்கள். கனத்த தகடு. கிரில்லை முழுக்க மூடுகிற அளவு. மில் கேட்டுக்கு முன்னால் வைத்துப் பொருத்தி, அதற்குத்தான் முதல் மாலை போட்டார்கள். எனக்கு இரண்டாவது மாலை.

மில்லா? அதை மூடிவிட்டார்கள். கடைசிப் போராட்டத்தில் முதலாளி பாதிச் சம்பள உயர்வுக்கு இறங்கி வந்தான். நான் இறங்கவில்லை. அவன் மூடிவிட்டுப் போய்விட்டான். பணிந்தோம் என்கிற பேச்சு மட்டும் வரவில்லை, அதைக் கவனியுங்கள். மில் மூடியதே தவிர சங்கம் மூடவில்லை. நான் இருக்கிறேன். அதோ வண்டிப் பக்கத்தில் நிற்கிறானே இசக்கிமுத்து, வண்டி ஓட்டுகிறவன், அவனும் உறுப்பினர்தான்.

பேச்சிக்கு இந்த வண்டியோடு ஒரு பகை உண்டு. வாய்க்காரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைத் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிடுவாள். மரியாதையாகத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நோய் வந்த பிறகு டாக்டர் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லிவிட்டார். நாள் முழுக்க ஒரு சின்னச் செம்பு. அதற்கு மேல் குடித்தால் சிறுநீராகப் போக வழியில்லை, உடம்பிலே தங்கும், நெஞ்சிலே ஏறும் என்றார். வெயிலில் வேர்த்தால் நாக்கு வறளும், நாக்கு வறண்டால் குடிக்கத் தோன்றும், அதனால் குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்றார். சித்திரை மாதம், நாற்கரச் சாலை, கறுப்பு வண்டி. முன் சீட்டில்தான் கொஞ்சம் காற்று வரும் என்று அவளை முன்னால் உட்கார வைத்தேன். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஏசி ஓட்டைக்கு நேராக உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு வருவாள்.

“என்ன, குளிருதா?” என்று பின்னாலிருந்து கேட்பேன்.

“கொட்டாவி விட்டா வருமே, அந்த மாதிரி வருது தலைவரே.”

நான் சும்மா இருக்கிறவனா? காரியத்தில் இறங்கினேன். கோவில்பட்டியில் சகாயம் என்று ஒருவன், ஏசி வேலை பார்க்கிறவன். அவனிடம் விட்டேன். அவன் அப்பன் ஒரு வேலைநிறுத்தத்தின்போது சுவரேறிக் குதித்து உள்ளே வேலைக்குப் போனவன். கருங்காலி. அவன் வீட்டுச் சுவரில் கறுப்புத் தாரால் அதை எழுத வைத்தவனே நான்தான். ஆனாலும் மகனிடம் வண்டியை விட்டேன், பழையதை மனதில் வைக்கிற குணம் எனக்கில்லை.

வேலையெல்லாம் ஒழுங்காகத்தான் பார்த்தான். குழாயில் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வருகிற இடம் பார்த்து ஒழுக்கை அடைத்தான். புதிதாக கேஸ் ஏற்றினான். டேஷ்போர்டைக் கழற்றி உள்ளே கம்பளி மாதிரி படிந்திருந்த தூசியை வழித்து எடுத்தான். பஞ்சுத் தூசி அது. மில் மூடி இத்தனை வருஷமாகியும் வண்டிக்குள்ளே மில் இருந்திருக்கிறது. கதவு ரப்பரை மாற்றினான். ஏறியவுடன் கண்ணாடியை இறக்கி வெக்கையை வெளியே விட்டுவிட்டு அப்புறம் ஏசியைப் போடுங்கள், வெளிக்காற்று வருகிற வழியை மூடி வையுங்கள் என்றெல்லாம் இசக்கிக்குச் சொல்லிக் கொடுத்தான். எல்லாம் முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அந்தப் போர்டைக் கழட்டிருங்க.”

“ஏன்?”

“கிரில்லுக்குப் பின்னால கண்டென்சர் இருக்கு. உள்ள இருக்கிற வெக்கையை அதுதான் வெளிய தள்ளுது. முன்னால காத்து பட்டாத்தான் தள்ளும். வண்டி ஓட ஓட நல்லாக் குளிரணும், உங்களுக்கு ஓடினாலும் ஒண்ணுதான் நின்னாலும் ஒண்ணுதான். ஏன்? வாசலைச் சாத்தி வச்சிருக்கீங்க.”

வாசலைச் சாத்தி வைத்திருக்கிறேனாம். யாரிடம் சொல்கிறான் பாருங்கள். அப்பன் சுவரேறிக் குதித்தான், மகன் வாசலைப் பற்றிப் பேசுகிறான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. சுவரில் தாரால் எழுதியதற்கு இத்தனை வருஷம் கழித்து என் பெயரை இறக்கப் பார்க்கிறான். நான் கூலியைக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன்.

அடுத்த வாரம் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இன்னொருவனிடம் காட்டினேன். அவனும் வண்டியைச் சுற்றி வந்து போர்டிலே கையை வைக்கிறான்! எப்படி? சகாயம் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். தொழிலாளிகளுக்குள் இல்லாத ஒற்றுமை இந்த மெக்கானிக்குகளுக்குள் இருக்கிறது.

பேச்சி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். திரும்பி வரும்போது, கயத்தாறு தாண்டி.

“அந்தப் போர்டை ஒரு நாளைக்குக் கழட்டித்தான் பாப்பமே.”

நான் அவளுக்கு விளக்கினேன். அது தகடு இல்லை, ஒரு வர்க்கத்தின் முகவரி என்றேன். ஒரு அடையாளத்தை நாமே இறக்கினால் அடுத்ததை அவர்கள் இறக்குவார்கள் என்றேன். அன்றைக்கு நன்றாகவே பேச வந்தது எனக்கு. ஊர் வருகிறவரைக்கும் பேசினேன். இசக்கி கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினான்.

அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது, வண்டி முன்னால் போய் நின்று போர்டைப் பார்த்தாள்.

“வழி நெடுக நல்ல காத்து. எல்லாம் உங்க பேருக்குத்தான் அடிச்சிருக்கு” என்றாள்.

சிரிக்காதீர்கள். வாய்க்காரி என்று சொன்னேன் இல்லையா.

என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கதிர் என்று பெயர் வைத்தேன். ஆபீசில் வெறும் கதிர்தானாம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில், ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறான். எடுக்கிறதும் அவன்தான், அனுப்புகிறதும் அவன்தான். அம்மாவின் கஷ்டத்தைக் கேள்விப்பட்டு, சித்திரை கடைசியில் ஒரு புது வண்டியை டிரைவரோடு அனுப்பி வைத்தான். கோடை முடிகிறவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். யார் வண்டி என்று டிரைவரிடம் விசாரித்தேன். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு காண்டிராக்டர் வண்டி. இவனுக்கு வேண்டியவனாம்.

நான் விசாரித்து முடிப்பதற்குள் பேச்சி அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து குளிர் என் முகத்தில் அடித்தது. அவள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தலையில் துண்டு இல்லை. மடித்து மடியில் வைத்திருந்தாள்.

“இறங்கு. இது ரத்தம் உறிஞ்சுகிறவன் வண்டி.”

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “என் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் பண்ணித்தானே திருப்பிக் குடுக்காங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டு இறங்குதேன் தலைவரே. எங்கயும் போக வேண்டாம். இங்கனயே நிக்கட்டும்.”

கொஞ்ச நேரம் விட்டேன். கல்நெஞ்சுக்காரன் இல்லை நான். தெருவில் ஆட்கள் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் கையைப் பிடித்து இறக்கினேன். வண்டி திரும்பிப் போனது. கொள்கை என்று ஒன்று இருந்தால் அது வீட்டு வாசலிலும் இருக்க வேண்டும். மேடையில் மட்டும் வைத்துக்கொள்ளுகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

டீ வருகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போட்டதா? எனக்குப் பரவாயில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். அக்கினி நட்சத்திரம் நடக்கிறது. திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். நாற்கரச் சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதனை. ஒரு எஸ்.ஐ., சின்ன வயது, வந்து குனிந்து பார்த்தான்.

“ஐயா, சொந்த வண்டியில இந்த மாதிரி போர்டெல்லாம் வைக்கக் கூடாது. கழட்டிருங்க.”

“யார் சொன்னது?”

“உத்தரவு ஐயா.”

“எழுத்தில் காட்டுங்கள்.”

“ஐயா, ஸ்க்ரூதானே. எங்க ஆளையே கழட்டச் சொல்லுதேன். டிக்கியில போட்டுட்டுப் போங்க.”

பார்த்தீர்களா? சகாயம், திருநெல்வேலிக்காரன், இப்போது காவல்துறை. எல்லாருக்கும் அந்தப் போர்டு உறுத்துகிறது. நான் இறங்கினேன். துண்டைத் தார்ச்சாலை ஓரத்தில் விரித்து உட்கார்ந்துவிட்டேன். எழுத்தில் காட்டாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். கோஷம் போட்டேன். இசக்கி பதில் கோஷம் போட்டான். இரண்டு பேர் போட்டாலும் போடுகிற விதத்தில் போட்டால் அது கூட்டம்தான். லாரிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் தொண்டை பழையபடி திறந்தது தம்பி. பொய் சொல்ல மாட்டேன், உடம்பு சிலிர்த்தது.

வண்டியா? அணைத்துத்தான் கிடந்தது. நிற்கும்போது இன்ஜினை ஓட விட்டால் சூட்டு முள் ஏறிவிடுகிறது, என்னவோ தெரியவில்லை. அதனால் இசக்கி அணைத்துவிட்டுத்தான் இறங்கினான். கண்ணாடியை இறக்கி வைத்திருந்தான். பேச்சி உள்ளே இருந்தாள்.

ரொம்ப நேரம் ஆனது. எஸ்.ஐ. வண்டிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, “ஐயா, எந்திரிங்க. அம்மாவைப் பார்த்தேன். நீங்க போங்க, போர்டு இருந்துட்டுப் போகட்டும்” என்றான்.

பின்வாங்கினான்! ஆயுதம் வைத்திருக்கிறவன், ஒரு கிழவன் தரையில் உட்கார்ந்ததும் பின்வாங்கினான்.

அங்கேதான் ஒரு தவறு நடந்தது, கவனியுங்கள். ஒரு பெண் போலீஸ், பேச்சி தவிப்பதைப் பார்த்து ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைக் கொடுத்திருக்கிறாள். இவளும் முழுசாகக் குடித்துவிட்டாள். நான் ஏறியபோது பாட்டில் காலியாக மடியில் கிடந்தது. நோயாளிக்கு அளவு மீறித் தண்ணீர் கொடுத்தது யார்? காவல்துறை. இதை நான் துண்டறிக்கையிலும் எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் நேரம் தாண்டிவிட்டது. மிஷினில் வேறொருவர் படுத்திருந்தார். மாலைவரை இருங்கள், ஒன்று காலியாகும், போட்டுவிடலாம் என்று நர்ஸ் சொன்னாள். எனக்கோ அச்சகம் மூடுவதற்குள் போக வேண்டும். சூடு ஆறுவதற்குள் துண்டறிக்கை வெளிவர வேண்டும், அதுதான் அதன் உயிர். ஆனாலும் நான் தன்னிச்சையாக எதையும் செய்கிறவன் இல்லை. அவளிடம் கேட்டேன்.

“இருப்போமா, நாளைக் காலையில் வருவோமா? நீ சொல்கிறபடி செய்வோம்.”

“உங்க இஷ்டம்” என்றாள்.

கருத்துக் கேட்டுத்தான் முடிவெடுத்தேன். இசக்கி சாட்சி. நர்ஸ் மட்டும் இசக்கியிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

திரும்பும்போது துண்டு காய்ந்துவிட்டது, நனைத்துக்கொள்ளத் தண்ணீர் இல்லை. ஏசியில் கையை வைத்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் எழுத உட்கார்ந்தேன். ‘நாற்கரச் சாலையில் நடந்த அராஜகம்’ என்று தலைப்பு. உள்ளேயிருந்து அவள், “என்னங்க” என்று கூப்பிட்டாள். இன்னும் ஒரு பத்திதான் என்றேன். மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் ‘என்னங்க’ என்றுதான். அதுதான் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. தலைவரே என்று கூப்பிட்டிருந்தால், வேடிக்கையாக ஏதாவது சொல்லுவாள் என்றாவது எழுந்து போயிருப்பேன். இது யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

நான் போனபோது உட்கார்ந்த வாக்கில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏற்றினோம். கயத்தாறு தாண்டவில்லை.

அவ்வளவுதான். டாக்டர் நெஞ்சில் நீர் என்றார்.

மறுநாள் மகன் வருகிறவரைக்கும் வைக்க வேண்டுமே. வாடகைக்குக் குளிர்பெட்டி கொண்டு வந்தார்கள். அதைக் கொண்டு வந்தவன் கெட்டிக்காரன், தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனான்: “அண்ணாச்சி, கால்மாட்டுல சல்லடை மாதிரி இருக்கு பாருங்க, இதை மட்டும் மறைச்சிராதீங்க. வெக்கை இது வழியாத்தான் வெளிய போகும். அடைச்சா உள்ள குளிராது.”

அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நாற்காலி போட்டுக் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருவரையும் அந்தப் பக்கம் விடவில்லை. பழைய தோழர்கள் பெரிய மலர்வளையம் ஒன்று கொண்டு வந்தார்கள். நடுவில் சிவப்புத் துணியில் சங்கத்தின் பெயர். எல்லாருக்கும் தெரியட்டும் என்று நேராகக் கொண்டுபோய் அந்தச் சல்லடை மேலேயே சாத்தினார்கள். எனக்கு வந்ததே கோபம்! நானே பிய்த்து எடுத்து அந்தண்டை வைத்தேன்.

“அறிவில்லையா உங்களுக்கு? பேர் தெரிந்தால் போதுமா? காற்றுப் போகிற வழியை அடைத்தால் உள்ளே இருக்கிறவளுக்கு எப்படிக் குளிரும்?” என்று சத்தம் போட்டேன்.

தலைமாட்டில் செங்கதிர் நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். என்னையே பார்த்தான். இசக்கி வெளியே போய்விட்டான். என்ன இருக்கிறது அப்படிப் பார்க்க? பெட்டி நன்றாகக் குளிர்ந்தது. கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிவரைக்கும் குளிர்ந்தது.

மயானத்தில் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டுதான் அந்த வார்த்தையைச் சொன்னான்.

“இந்த அறிவு அம்மா உயிரோட இருக்கும்போது எங்கப்பா போச்சு?”

இதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். பெட்டி வேறு, வண்டி வேறு. பெட்டியில் இருக்கிறது சல்லடை. வண்டியில் இருக்கிறது ஒரு சங்கத்தின் பெயர். இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவனுக்கு வரலாறு தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை. மெக்கானிக் வாயால் பதில் வாங்கி அனுப்பினால் பேசுவான் என்று இருக்கிறேன்.

இதோ வருகிறான் மதுரைக்காரன். என்னப்பா, பார்த்தாயா? கேஸ் சரியாக இருக்கிறதா? எல்லாம் சரியாக இருக்கிறதா? அதைத்தான் நானும் சொன்னேன்! அப்புறம் என்ன, கையில் ஸ்க்ரூ டிரைவர்?

எதைக் கழற்ற வேண்டும்?

அதெல்லாம் வேண்டாம். கழற்றாமல் பார். கழற்றாமல் பார்க்கத் தெரிந்தால் பார்.

கேட்டீர்களா? மதுரை வரைக்கும் போன் போட்டுவிட்டான் சகாயம். நான் எதிர்பார்த்ததுதான். விடுங்கள், விருதுநகரில் ஒருவன் இருக்கிறானாம், யாரோடும் சேராத ஆள் என்கிறார்கள். இசக்கி, வண்டியை எடு.

உங்கள் வண்டி இன்றைக்கு ஆகாது என்கிறானே தம்பி. நீங்கள் எந்தப் பக்கம் போக வேண்டும்? திருமங்கலமா? வழிதான், வாருங்கள், இறக்கிவிடுகிறேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டால் காற்று வரும். இல்லை, இல்லை, முன்கதவைத் திறக்காதீர்கள். பின்னால் என்னோடு உட்காருங்கள். முன் சீட்டில் அவள் துண்டு கிடக்கிறது.